சுட்டிக்கு இரண்டாம் நாள் மருந்து

ஆகஸ்ட் 5, செவ்வாய்.

சுட்டிக்கு முதல் நாள் உருண்டை கொடுத்தேன். ஒரு தவறு செய்தேன். உருண்டையை உப்பில் புரட்டாமல் வாயில் வைத்துவிட்டேன். துப்பிவிட்டது. கீழே விழுந்ததைக் கழுவி, உப்பில் புரட்டி, மறுபடி கொடுத்தேன். பாதிதான் உள்ளே போயிருக்கும் என்று நினைக்கிறேன். முக்கால்வாசி போயிருக்கும் என்கிறார் அப்பா. அவர் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அவர் சொல்வதே சரியாக இருக்கலாம். எனக்கு எதையும் குறைத்தே நினைக்கும் பழக்கம் உண்டு.

இதை எழுதிய மறுநாள் காலை, ஜெஸ்லின் பட்டிக்குள் குந்தி உட்கார்ந்து சுட்டியின் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஜெசி, கொஞ்சம் வந்துட்டுப் போ. உங்கப்பாவ எழுப்பறேன், எந்திரிக்க மாட்டேங்கறாரு."

இமை நேற்றைப் போலவே வெளுத்திருந்தது. உடம்பில் ரத்தம் இருக்கிற ஆட்டுக்கு அந்த இடம் செக்கச் சிவந்திருக்க வேண்டும். தாடைக்குக் கீழே தொங்கிய வீக்கம் குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. வெளியே வெள்ளக்கடை ஊர் முழுவதும் பனிமூட்டம். தூறல் நின்று நின்று விழுந்தது. அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கை கன்னத்துக்கு அடியில் இருந்தது. போர்வைக்கு வெளியே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் அப்படித்தான் படுப்பார், கால் மட்டும் குளிரில் இருந்தால்தான் தூக்கம் வரும் என்பார். ஜெஸ்லின் பாதத்தைத் தொட்டாள். பிறகு குனிந்து, பட்டியிலிருந்து வந்த அதே கட்டைவிரலால் அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்தாள். தான் என்ன செய்கிறோம் என்பது அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"என்னடி?" என்றாள் அம்மா இன்பமேரி.

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியில் நீட்டிக்கொண்டிருந்த பாதத்தை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

அப்பா ஞானசுந்தரத்துக்கு நெஞ்சில் கோளாறு என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர். அந்த வேலையை விட்ட பிறகு வெள்ளாடுகள்தான். மலையில் ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஆடு மேய்ப்பதும் ஜெஸ்லினிடம் வந்து சேர்ந்தது. காலையில் ஆடு, சாயங்காலம் ஏற்காட்டுக்கு பஸ் பிடித்துப் போய் ப்ளஸ் டூ தனித்தேர்வுக்கான மாலை வகுப்பு. தினமும் நான்கு வரியாவது எழுதினால்தான் தமிழ் கைக்கு வரும் என்று வகுப்பில் சொன்னதிலிருந்து அவள் எழுதி வந்தாள். அதில் பாதிக்கு மேல் ஆட்டைப் பற்றித்தான் இருக்கும். வாத்தியார் ஒருமுறை படித்துவிட்டு, "உங்க ஊட்டுல மனுசங்களே இல்லியாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

இந்த ஆடி மழையில் ஆடுகளுக்கு வயிற்றுப் பூச்சி வந்தது. அதிலும் சுட்டி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த கருப்பு ஆடு, குட்டி போட்டு ஒரு மாதம்கூட ஆகாதது, எல்லாவற்றையும்விட மோசமாக இளைத்தது. கடையில் வாங்கிய பூச்சி மருந்தை இரண்டு முறை ஊற்றியும் கேட்கவில்லை. ஒரே மருந்தை வருடக்கணக்காக ஊற்றினால் பூச்சி பழகிப்போய்விடும் என்று மாரமங்கலத்தில் நடந்த முகாமில் கால்நடை டாக்டரம்மா சொன்னார். இலையிலும் சாமானிலும் செய்கிற உருண்டை ஒன்றையும் சொல்லிக்கொடுத்தார். மிளகு, சீரகம், கடுகு, மஞ்சள், பூண்டு. இவற்றோடு தும்பை, வேப்பிலை, பாகல் இலை, வாழைத்தண்டு. எல்லாவற்றையும் அரைத்துப் பனைவெல்லத்தில் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, உப்பில் புரட்டி, வெறும் வயிற்றில் அடிநாக்கில் வைக்க வேண்டும். மூன்று நாள் விடாமல், நாளுக்கு இரண்டாகக் கொடுக்க வேண்டும்.

"ஏனுங்க, இது ரசத்துக்கான சாமானாட்ட இருக்குதுங்க?" என்று முகாமிலேயே கேட்டவர் அப்பா. வீட்டுக்கு வந்ததும் அவர்தான் உருட்டினார். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை என்று ஆசையாக எடுத்துக்கொண்டார். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, முகத்தை எட்டுக் கோணலாக்கி, "நல்ல மருந்து சாமி. இந்தக் கசப்புக்குப் பூச்சி மட்டுமில்ல, ஆடே ஓடிப்போயிரும்" என்றார்.

சேலத்தில் லாரிப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் அண்ணன் டோமினிக்குக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நோயாளி மனுசனும் ஒரு பொட்டப்புள்ளையும் ஆட்டுக்குப் பின்னால் எத்தனை நாளைக்கு ஓடுவது என்று போன ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டான். ஆடுகளை விற்றுவிட வியாபாரியிடமும் பேசிவிட்டான். "இந்த சுட்டி பொழைக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று அப்பா சொன்னார். "செத்துப்போச்சுன்னா?" என்றான் டோமினிக். "செத்துப்போச்சுன்னா எல்லாத்தையும் ஓட்டிட்டுப் போ" என்றார் அப்பா. சொல்லிவிட்டு ஜெஸ்லினைப் பார்த்துக் கண்ணடித்தார். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கடை மருந்தை நிறுத்தச் சொன்னது அவள். அளவு போட்டதும் அவள்.

ஒன்பது மணிக்குள் வீடு நிரம்பிவிட்டது. அப்பாவோடு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த லாசர் மாமா முதல் ஆளாக வந்து, கோயிலுக்கும் உபதேசியாருக்கும் சொல்லியனுப்பி, டவுனிலிருந்து குளிர்பெட்டியை வரவழைத்தார். தலைமாட்டில் சிலுவையும் இரண்டு மெழுகுவர்த்தியும் வைத்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். பெட்டி எடுக்கும்வரை இந்த வீட்டில் அடுப்பு எரியாது, அம்மி ஆடாது. காப்பித்தண்ணி முதற்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்துதான் வரும். பக்கத்து வீட்டுத் தனலட்சுமி அக்கா வந்து சமையல்கட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

பட்டியில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. விடாமல் கத்தின. கூடத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் நிறுத்திக் கேட்டார்கள்.

"வாயில்லா சீவனுக்கும் தெரியுது பாருங்க. எசமான் போயிட்டாருன்னு எப்படிக் கதறுது."

"நேத்தே தெரிஞ்சிருக்கும். அதுகளுக்கு முன்னாடியே தெரிஞ்சுரும்."

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். மருந்துக்காக நேற்று ராத்திரி முதல் அவற்றை வெறும் வயிற்றில் கட்டிப் போட்டிருந்தது. பசியில் கத்துகின்றன. இதை எப்படிச் சொல்வது? அப்பா செத்துக் கிடக்கும்போது ஆட்டுக்கு மருந்து கொடுக்கும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிற தன்னை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது. மற்ற ஆடுகளுக்கு ஒரு நாள் தவறினால் ஒன்றும் இல்லை. சுட்டிக்குத் தவறினால்? நேற்றுப் போனதே பாதிதான். அப்பா கணக்குப்படி முக்கால்வாசி.

அம்மா அழவில்லை. காலையில் கட்டிலருகே 'என்னடி?' என்று கேட்ட பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யார் வந்து கட்டிக்கொண்டு அழுதாலும் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "அழ வைங்க, இல்லாட்டி நெஞ்சுல நின்னுக்கும்" என்று யாரோ சொன்னார்கள்.

ஒரு பத்து நிமிடம் போதும் என்று நினைத்து ஜெஸ்லின் எழுந்தாள். சமையல்கட்டில் அலமாரியின் நடுத்தட்டில் வெல்ல டப்பாவுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டப்பா இருக்கும். நேற்றுச் சாயங்காலம் அப்பா எல்லா ஆட்டுக்குமாக உருட்டி நிறைத்து வைத்தது. எடுத்துக்கொண்டு பின்பக்கமாகவே பட்டிக்குப் போய்விடலாம்.

தனலட்சுமி அக்கா தண்ணீர்த் தொட்டியருகில் அந்த டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுல இருந்தது?"

"குடுத்துட்டேன் கண்ணு."

"குடுத்துட்டீங்களா? யாருக்கு?"

"வந்தவங்களுக்குத்தான். எல்லாம் நனஞ்சுபோட்டு வராங்க, இருமறாங்க. சுக்குக்காப்பியோட ஒண்ணொண்ணு குடுத்தேன். மிளகும் பூண்டும் வாசமா இருந்துதா, லேகியம்னு பாத்ததும் தெரிஞ்சுபோச்சு." அக்கா டப்பாவைக் கவிழ்த்து வைத்தாள். "நேத்து சாயங்காலம் அண்ணன் வாசல்ல உக்காந்து உருட்டிட்டிருந்தாரு. 'என்னங்ணா பண்றீங்க'ன்னு வேலியோரம் நின்னு கேட்டேன். 'எல்லா நோவுக்கும் மருந்து தனம், தின்னா நூறு வயசு'ன்னாரு. அவரு கையால உருட்டுனது. வீணாப் போவலாமா? சொன்னேன் பாரு, எல்லாரும் கண்ணுல ஒத்திட்டுத் தின்னாங்க கண்ணு. ஒருத்தர் வேண்டாம்னு சொல்லல."

ஜெஸ்லின் கூடத்தை எட்டிப் பார்த்தாள். லாசர் மாமா குளிர்பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து பக்கத்திலிருப்பவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "கசப்புன்னா கசப்பு, அப்படியொரு கசப்பு. ஆனா நம்ம ஞானம் உருட்டுனதாச்சேன்னு ரெண்டு கேட்டு வாங்கிப் போட்டேன். நெஞ்செல்லாம் லேசாயிருச்சுங்க." உபதேசியார் வாயைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார். சுவரோரம் இருந்த பெண்களில் ஒருத்தி இன்னும் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே செபமாலையை உருட்டினாள்.

ஜெஸ்லின் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

"அம்மா" என்று காதோரம் சொன்னாள். "தனம் அக்கா ஆட்டு உருண்டைய வந்தவங்களுக்கெல்லாம் குடுத்துட்டாங்க."

இன்பமேரி திரும்பி மகளைப் பார்த்தாள். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். லாசரை, உபதேசியாரை, சுவரோரத்துப் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தாள். தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"அழுதுட்டா, அழுதுட்டா. அழட்டும் விடுங்க" என்று பெண்கள் நெருங்கி வந்தார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு தாங்களும் ஒப்பாரி வைத்தார்கள். அம்மாவின் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்திருந்த ஜெஸ்லினுக்கு மட்டும்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அடக்க முடியாமல் ஒரு சத்தம் வெளியே வந்துவிட்டது. ஒப்பாரி நின்றது.

"என்னாச்சு இன்பமேரி?" என்றார் லாசர்.

அம்மா முந்தானையை எடுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "ஏனுங்கண்ணா, நீங்க தின்னது என்னன்னு தெரியுமுங்களா?"

"மருந்து. ஞானம் உருட்டுன லேகியம்."

"மருந்துதானுங்க. ஆட்டு வயித்துப் பூச்சிக்கு."

பட்டியில் ஒரு ஆடு கத்தியது. லாசர் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அடப்பாவி ஞானம்" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார். "நான் ரெண்டு கேட்டு வாங்கினனேடா."

முதலில் உபதேசியார்தான் சிரித்தார். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அழுது சிவந்த மூக்கோடு பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். வாசலில் குடையோடு புதிதாக வந்து நின்ற யாரோ, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று தயங்கினார்கள். சமையல்கட்டு வாசலில் தனலட்சுமி அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, யாருக்காவது ஏதாவது ஆயிருமா?"

"ஒண்ணும் ஆவாதுக்கா" என்றாள் ஜெஸ்லின். "எல்லாம் சமையல் சாமானும் தழையும்தான்." பிறகு, சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக, "ஒண்ணுதான் தின்னிருக்காங்க" என்று சேர்த்துக்கொண்டாள். லாசர் மாமாவின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆவாது கண்ணு. பூச்சி இருந்தா அதுக்குத்தான் ஆவும்" என்றார் அவர்.

சிரிப்பு அடங்கியபோது அம்மா கேட்டாள். அந்த 'என்னடி?'க்குப் பிறகு மகளிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"சுட்டிக்குக் குடுத்தியா?"

"இல்லம்மா. அதுக்குள்ள…"

"அப்ப அரைக்கணுமில்ல?"

"பெட்டி எடுக்காம இந்த ஊட்டு அம்மியத் தொடக்கூடாதுங்க" என்றாள் சுவரோரத்திலிருந்து ஒரு பெண்.

"எங்கூட்டு அம்மி எதுக்கு இருக்குது?" என்றாள் தனலட்சுமி அக்கா. "தின்னக் குடுத்தவ நான். நானே அரைச்சுத் தரேன். வா கண்ணு, என்னென்ன வேணும் சொல்லு."

மிளகு, சீரகம் எல்லாம் அக்கா வீட்டிலேயே இருந்தன. பாகல் கொடி அவள் வேலியில் படர்ந்திருந்தது. பின்னால் வாழை இருந்தது. தும்பையைப் பறித்துவர, சப்பிக்கொண்டே செபமாலை சொன்ன பெண் தானாகவே குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். வேப்பிலைதான் இல்லை. இந்தக் குளிரில் மலைமேல் வேம்பு வருவதில்லை. அடிவாரத்திலிருந்து யாராவது பஸ்ஸில் கொண்டு வர வேண்டும். போன வாரம் வந்த கொத்து நேற்றோடு தீர்ந்திருந்தது.

பட்டிக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். ஜெஸ்லின் அங்கே போய் நின்று டோமினிக்கைக் கூப்பிட்டாள். சுட்டி கத்தவில்லை. மற்றவையெல்லாம் கத்த, அது மட்டும் தலையைத் தொங்கவிட்டு நின்றது. இரண்டு குட்டிகளும் மடியை முட்டின.

"எங்கண்ணா இருக்க?"

"அடிவாரம் வந்துட்டேன். மாலை வாங்கிட்டிருக்கேன். ஒரே கூட்டம் இங்க, ஆடிப் பண்டிகை." டோமினிக் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அம்மா எப்படி இருக்குது?"

"பேசறாங்க. இப்பத்தான் பேசினாங்க." அவள் நிறுத்தினாள். "அண்ணா, வரும்போது ஒரு கொத்து வேப்பிலை ஒடிச்சுட்டு வா."

"எதுக்கு?"

"சுட்டிக்கு. ரெண்டாம் நாள் மருந்து குடுக்கணும்."

அந்தப் பக்கம் ஹாரன் சத்தங்கள் கேட்டன. யாரோ பூவுக்கு விலை சொன்னார்கள்.

"அப்பா செத்துக் கெடக்கறாரு பாப்பா."

"தெரியுதுண்ணா."

இணைப்பு அறுந்தது. அவன் வைத்தானா, சிக்னல் போயிற்றா என்று தெரியவில்லை. மறுபடி கூப்பிடலாமா என்று யோசித்தாள். கூப்பிட்டால் திட்டுவான் என்று தோன்றியது. திட்டினால் அவன் பக்கம் நியாயம் இருக்கும் என்றும் தோன்றியது. போனைப் பையில் போட்டுக்கொண்டு, மற்ற ஆடுகளுக்குத் தழையை அவிழ்த்துப் போட்டாள். சுட்டிக்குப் போடவில்லை. அது அவளையே பார்த்தது.

பகல் மெதுவாக நகர்ந்தது. பக்கத்து வீட்டிலிருந்து அம்மிக் குழவி உருளும் சத்தம் வந்தது. வேம்பு வந்தால் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அக்கா மற்றதையெல்லாம் அரைத்து வைத்தாள். கூடத்தில் மறுபடி செபமாலை தொடங்கியது. இந்த முறை ஒப்பாரிக்கு நடுவே யாராவது மற்றவரின் முகத்தைப் பார்த்துவிட்டால் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அம்மா இப்போது வந்தவர்களிடம் பேசினாள். ராத்திரி சரியாகச் சாப்பிட்டார், ஒரு தோசை அதிகமாகவே கேட்டார் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

மதியத்துக்கு மேல் வாசலில் பைக் வந்து நின்றது. டோமினிக் மழைக்கோட்டோடு இறங்கினான். ஹேண்டில்பாரில் சம்பங்கி மாலை. பின் சீட்டில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது வேப்பிலை. ஒரு கொத்து அல்ல, ஒரு கட்டு. ஒரு ஆளே ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது.

"என்ன சாமி, கரகம் எடுத்துட்டு வரயா?" என்று லாசர் மாமா வாய்விட்டுக் கேட்டுவிட்டார். கேட்டதும் எழுந்துபோய் அவனைக் கட்டிக்கொண்டார்.

டோமினிக் மாலையைத் தோளிலும் வேப்பிலைக் கட்டைக் கக்கத்திலும் வைத்தபடி பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான். கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இலைகளிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அம்மாதான் எழுந்துவந்து, கட்டை அவன் கக்கத்திலிருந்து உருவி ஜெஸ்லினிடம் கொடுத்தாள்.

"போ, அரைச்சுக் குடு. அண்ணனும் வருவான்."

அக்கா வீட்டுப் பின்கட்டில் இலை உருவும்போது டோமினிக் வந்து நின்றான். முகம் கழுவியிருந்தான். அடக்கத்துக்கென்று வெள்ளைச் சட்டை மாற்றியிருந்தான்.

"மரத்துல எல்லாம் எட்டுற கொப்பே இல்ல பாப்பா. பண்டிகைக்கு ஜனம் ஒடிச்சுட்டுப் போயிருச்சு. கோயிலுக்குப் போயிட்டிருந்த ஒரு அம்மாகிட்டக் கேட்டேன். 'யாருக்கு அம்மை போட்டிருக்குது?'ன்னு கேட்டுச்சு. ஆட்டுக்குன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டுப் பூராத்தையும் குடுத்துருச்சு."

"ஒரு கொத்துப் போதும்னுதான் சொன்னேன்."

"நான் எதக் கண்டேன், எவ்வளவு வேணும்னு?"

அக்கா அம்மியிலிருந்து விழுதை வழித்துக் கொடுத்தாள். ஜெஸ்லின் உருட்டினாள். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தன. இரண்டையும் பிய்த்துச் சேர்த்து மறுபடி உருட்டினாள். டோமினிக் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஆட்டுக்கு உருண்டை அழகா இருக்கணுமா?"

"அளவு ஒண்ணா இருக்கணும்ணா."

பட்டியில் டோமினிக் சுட்டியைத் தன் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்தான். அது திமிறவே இல்லை. அவன் முகம் மாறியது. "இதென்ன, வெயிட்டே இல்ல" என்றான். ஜெஸ்லின் தட்டிலிருந்த உப்பில் உருண்டையைப் புரட்டி, கடைவாய்ப் பக்கமாக விரலை விட்டு அடிநாக்கில் வைத்தாள். சுட்டி தலையை உதறியது. டோமினிக் வாயை மூடிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தொண்டையை மேலிருந்து கீழே தடவினான். பச்சைச் சாறு அவன் வெள்ளைச் சட்டையின் முழங்கையில் வழிந்தது.

"முழுங்குமா?"

"இரு."

தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இரண்டாவது உருண்டையையும் வைத்தாள். அதுவும் இறங்கியது. வாயைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் மிச்சமில்லை.

"இதுல என்ன பாக்கற நீ? கண்ணுல என்னமோ பாப்பியாமே, அப்பா போன்ல சொல்வாரு."

அவள் சுட்டியின் கீழிமையை இழுத்துக் காட்டினாள். பிறகு பக்கத்தில் நின்ற கிடாயின் இமையை இழுத்துக் காட்டினாள். அது சிவந்திருந்தது. டோமினிக் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். சுட்டியின் இமையைத் தானே ஒருமுறை, மெதுவாக, நகம் படாமல் இழுத்துப் பார்த்தான்.

"எப்ப செவக்கும்?"

"தெரியாதுண்ணா. ஒரு நாள்ல செவக்காது. செவக்கும்னு நெனைக்கறேன்." கொஞ்சம் யோசித்து, "அளவு சரியாப் போட்டிருந்தா" என்றாள்.

"சரியாத்தான் போட்டிருப்ப. உப்புப் போடறதுக்கே நாலு தடவ அளக்கறவ நீ."

கோயில் மணி ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கியது. ஃபாதர் வந்துவிட்டார் என்று லாசர் மாமா வாசலிலிருந்து குரல் கொடுத்தார். டோமினிக் குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவினான். நகக்கண்ணில் பச்சை போகவில்லை. சட்டைக் கறையும் போகவில்லை. வேறு சட்டை போடு என்று யாரோ சொன்னார்கள். அவன் கேட்காத மாதிரி போய்ப் பெட்டியின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தான்.

மழை விட்டிருந்தது. கல்லறைக்குப் போகும் வழியில் மிளகுக் கொடிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஃபாதர் வாசித்தார், எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். லாசர் மாமா இரண்டு பிடி போட்டார். அதைக் கவனித்த உபதேசியார் வானத்தைப் பார்த்தார்.

திரும்பி வந்து குளித்துவிட்டு, அம்மா கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தனலட்சுமி அக்கா சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தாள்.

"ரசமா? உருண்டைல மிச்சம் வெச்சிருந்தியா தனம்?" என்றாள் அம்மா.

"அக்கா, சும்மா இருங்க! ஏழேழு சென்மத்துக்கும் இதச் சொல்லிக் காட்டுவீங்க."

"சொல்லத்தான் போறேன். நூறு வயசு வரைக்கும் இருப்பமில்ல நாம." அம்மா சோற்றைப் பிசைந்தாள். ஒரு கவளம் வாயில் வைத்த பிறகுதான் அவள் முகம் கோணியது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அம்மா அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தாள்.

டோமினிக் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் கிடந்த போன் அடித்தது. ஆட்டு வியாபாரியின் பெயர் தெரிந்தது. டோமினிக் அதைப் பார்த்தான், எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தபோது கவிழ்த்து வைத்தான்.

"காலைல எப்பக் குடுக்கணும்?" என்று தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"விடிஞ்சதும். தழை போடறதுக்கு முன்னால."

"எழுப்பி வுடு."

"நீ எந்திரிக்க மாட்டியேண்ணா."

"எழுப்பி வுடுன்னா எழுப்பி வுடேன்."

ஜெஸ்லின் உள்ளே போய் விளக்கடியில் உட்கார்ந்தாள். என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தாள். முதல் வரியை எழுதி, அது சரிதானா என்று படித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்.

அப்பா காலையில் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். நாலு மணிக்கு அடக்கம் நடந்தது. நிறையப் பேர் வந்தார்கள். சுட்டி இன்று முழுவதையும் விழுங்கியது. சாயங்காலம் கொஞ்சம் தழை தின்றது. இமை இன்னும் வெள்ளைதான். மீதி வேப்பிலையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன்.

நாளை: விடிந்ததும் சுட்டிக்கு மூன்றாம் நாள் மருந்து. அண்ணன் பிடித்துக்கொள்வான்.